தண்டோரா கேட்ட ஐந்து பேர்

அந்த அம்மாவின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். எழுதிக் காட்டவும் தெரியும். ஆனால் இங்கே எழுதமாட்டேன். ஆபீஸில் எல்லாரும் 'சங்கத்தம்மா' என்றார்கள். குப்பத்துப் பெண்கள் 'அக்கா' என்றார்கள். நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிடும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். இருந்தாலும் நினைக்கும்போது வேறு சொல் வாயில் வருவதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆர்.கே.பேட்டைப் பக்கத்துக்காரன். இருபத்தாறு வயது வரை கடலைப் பார்த்ததில்லை. பிறகு ஒன்றிய ஆபீஸில் தற்காலிகப் பியூனாகக் கிழக்கே வந்து சேர்ந்தேன். எந்த ஒன்றியம் என்று சொல்லாமல் விடுகிறேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அங்கே கம்பெனிகளுக்காக நிலம் அளந்து கல் நடுகிறார்கள். நான் சொல்வது அதற்கெல்லாம் முன்னால். ஊருக்கு ஊர் மாதர் சங்கம், வாலிபர் சங்கம் ஆரம்பிக்கச் சொல்லி, அந்தச் சங்கங்களுக்குச் சர்க்கார் மானியம் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு வருஷம் தையல் மெஷின் வரும். ஒரு வருஷம் ரேடியோப் பெட்டி வரும். எப்போதாவது கட்டடம் கட்டப் பணம் வரும்.

எனக்குப் பேச வராது. மனுக்காரர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டால் நான் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வேன். டீ வாங்கி வருவது, தபால் கொண்டுபோவது, அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டுவது, மணி அடிப்பது. இதெல்லாம் பேசாமலே செய்யக்கூடிய வேலைகள். அதனால்தான் அங்கே என்னால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

அந்த அம்மாவை முதலில் நான் கவனித்தது வறுத்த இறால் வாசனையால்; அந்தப் பக்கம் அதை எறா என்பார்கள். ஒரு திங்கட்கிழமை, மனு நாள். வராந்தா நிறைய ஆட்கள். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய புடவை, இடுப்பில் அலுமினியத் தூக்கு. தூக்கைத் திறந்து ஒவ்வொரு எறாவாக எடுத்து, இரண்டாகக் கிள்ளி, உட்கார்ந்திருந்தவர்கள் கையில் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டே வந்தார்.

பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த ஒரு பாய் சிரித்தார். "இன்னா தங்கச்சி, தர்காவுல பாத்தியா ஓதிட்டு வந்தியா?"

"இன்னிக்கு எங்க வலையில நல்லா உழுந்துச்சி பாய். ஆபீஸ்ல ஒருத்தருக்குக் குடுத்தா லஞ்சம். எல்லாருக்கும் குடுத்தா நாஷ்டா. துண்ணு."

அப்படியே உள்ளேயும் வந்துவிட்டார். தட்டச்சு செய்கிறவருக்குப் பாதி, ஓவர்சியருக்குப் பாதி. ஒன்றியத்துக்கே அதிகாரியான பி.டி.ஓ.வின் அறைக்குள் நுழையப்போனபோது ஹெட் கிளார்க் பதறிப்போய், "ஐயாவுக்காவது முழுசா ஒண்ணு குடும்மா" என்றார்.

"ஏன், அவரு மட்டும் ரெண்டு வவுறு வெச்சிக்கினு கீறாரா?"

பி.டி.ஓ. அந்தப் பாதி எறாவை ஒரு ஃபைல் அட்டையின் மேல் வாங்கிக்கொண்டார். எனக்கு வால் பக்கம் கிடைத்தது. நான் வாங்கும்போதும் சுவரைத்தான் பார்த்தேன். "இன்னா நைனா, செவுத்துக்கும் பாதி வேணுமா?" என்றார். வராந்தாவே சிரித்தது. அந்த ஆபீஸில் யாரும் என்னைக் கேலி செய்ததுகூட இல்லை. என்னைக் கண்ணில் படும் ஆளாக நினைத்தால்தானே கேலி செய்வார்கள்.

ஏரிக்கரையோரம் ஒரு குப்பம் அவருடையது. புருஷன் இறந்துவிட்டார். பிள்ளை இல்லை. குப்பத்துப் பெண்கள் இருபது பேரைச் சேர்த்து ஒரு மாதர் சங்கம் வைத்திருந்தார். எங்கள் ஆபீஸுக்கு வர அவர் தோணியில் ஏறி, கரை இறங்கி, மணலில் நடந்து, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் போய்விடும். வந்தால் முதலில் அறிவிப்புப் பலகைக்கு முன்னால் போய் நிற்பார். படிக்கத் தெரியாது. என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஏலம், டெண்டர், நாய்க்கு லைசென்ஸ் என்று அவருக்குச் சம்பந்தமே இல்லாததையும் கடைசி வரி வரை கேட்பார்.

"நாய் லைசென்ஸ் உங்களுக்கு எதுக்கு அக்கா?"

"எங்க குப்பத்துல நாய் இல்லியா? அதுங்களுக்கும் சேதி தெரியட்டும்."

கேட்டு முடித்ததும் ஒரே கேள்வி. "இத எல்லாருக்கும் சொல்லிட்டாங்களா?" சொல்லியிருக்கமாட்டார்கள். அவரே போய்ச் சொல்வார். 'காதுல உழாதது கையில உழாது' என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு.

ஒரு வருஷம் குழந்தைகளுக்குப் பால் பவுடர் மூட்டை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கும் சங்கங்களுக்கு மட்டும் என்று காகிதம். பலகையில் ஒட்டியதே புதன்கிழமை. தற்செயலாக அன்றைக்கு அவர் வந்திருந்தார். அவருடைய குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் அப்போது வலைத்தகராறு. இரண்டு பேருக்கு மண்டை உடைந்து போலீஸ் கேஸ் நடந்துகொண்டிருந்தது. இவர் திரும்பிப் போகும் வழியில் நேராகப் பக்கத்துக் குப்பத்து எல்லையில் போய் நின்று கத்தியிருக்கிறார். "பால் பவுடரு வந்துகீது! வெள்ளிக்கிழமைக்குள்ள புள்ளைங்க பேரக் குடுக்கணுமாம்! எங்க மேல கோவம்னா முன்ன பேரக் குடுத்துட்டு வாங்க, பொறவு அடிச்சிக்கலாம்!"

அவர்களும் வந்து பெயர் கொடுத்தார்கள். மூட்டைகள் பிரிந்து, இவருடைய குப்பத்துப் பங்கு பாதியாகிப்போனது. அடுத்த முறை கூட வந்திருந்த ஒரு பெண் என் எதிரிலேயே திட்டினாள். "ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டு நம்ம புள்ளைங்க வாயில மண்ணப் போட்டுச்சி இந்த அக்கா." அந்த அம்மா வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். "தெரிஞ்சிக்கினே சொல்லாம இருந்தா, அது திருட்டு மாதிரிதான்டி" என்றார்.

இந்தக் குணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு மழை நாளில் தெரிந்தது. பஸ் வரவில்லை. சைக்கிள் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். ஏரியில் வலை போடும் இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்களாம். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு மோசமான இடம். சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் எல்லாம் வரும். வருஷத்தில் ஒருநாள் ஊர் கூடிச் சீட்டு எடுக்கும்போது, பங்குள்ள ஒவ்வொருவர் பெயரையும் சத்தமாகக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டு முடிக்காமல் சீட்டைத் தொடமாட்டார்கள்.

"எங்க ஊட்டுக்காரரு போனப்புறம் எனக்குப் பாட்டுல பங்கு இல்ல நைனா. ஆம்பளைங்களுக்குத்தான் அது. ஆனா அந்த வருசம் அவரு பேரக் கூப்புட்டாங்க. 'ஆள் இல்ல, பங்கு இல்ல'ன்னு எல்லாரு எதுரவும் சொன்னாங்க. அப்புறந்தான் பேர எடுத்தாங்க."

"வருத்தமா இல்லையா அக்கா?"

"பங்கு இல்லன்றது வேற. கூப்புடாமலே தாண்டிப் போறது வேற. நாயம் எதுன்னு எனக்குத் தெரியும்."

பிறகுதான் கேட்டார். "உங்க ஆபீஸ்லயும் முறை வெச்சிதானே குடுப்பாங்க? எங்க சங்கத்து முறை எப்போ வருதுன்னு பார்த்துச் சொல்லு."

ஒன்றிய மானியத்தையும் ஏரியைப்போலவே நினைத்துக்கொண்டிருந்தார். பொறுமையாக இருந்தால் முறை சுற்றி வரும் என்று. அப்படி ஒரு முறையே எங்களிடம் இல்லை. மானியம் வரும் சேதி முதலில் சேர்மன் வீட்டுக்குப் போகும். அங்கிருந்து வேண்டியவர்களுக்குப் போகும். எல்லாம் முடிந்த பிறகு பலகைக்கு வரும். இதை அவருக்கு நான் சொல்லவில்லை. "பார்த்துச் சொல்றேன் அக்கா" என்றேன்.

அவர் எதற்காக முறைக்குக் காத்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். குப்பத்துப் பெண்கள் விடிந்ததும் மீன் கூடையோடு சந்தைக்குப் போய்விடுவார்கள். நடக்கப் பழகும் குழந்தைகளை இவரிடம் விட்டுப்போவார்கள். வலை காயப்போடும் கீற்றுப் பந்தல்தான் இடம். சுவர் கிடையாது. பத்தடியில் தண்ணீர். ஒரு குழந்தை தவழ்ந்து இறங்கி, பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு குழந்தையின் இடுப்பிலும் பழந்துணி சுற்றி, அதன்மேல் வலைக்கயிறு கட்டி, பந்தல் காலில் கட்டிவிடுவாராம்.

"கன்னுக்குட்டி மாதிரி கட்டி வெச்சிக்கீறேன் நைனா. அதுங்க கயித்த இழுத்துக்கினு அழுவும். பார்க்க மனசு தாங்காது. அவுத்துவுட்டா தண்ணி. நாலு செவுரு, ஒரு கதவு. அது வந்துட்டா அன்னிக்கே கயித்தெல்லாம் அறுத்து அடுப்புல போட்டுடுவேன்."

அது வர வேண்டுமென்றால் சங்கம் பதிவாக வேண்டும். பதிவுக்கு வந்தபோது ஹெட் கிளார்க், "தலைவிக்குக் கையெழுத்துப் போடத் தெரியணும். ரேகை செல்லாது" என்று ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படி உண்மையிலேயே சட்டம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த அம்மா என்னிடம் வந்தார். "ஆறு மாசம் ஆவுமா நைனா?" என்றார். ஒரு மாதத்தில் வந்துவிட்டது. பழைய தபால் உறைகளைக் கிழித்து, உள்பக்கம் அவர் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுப்பேன். அவர் வாரம் ஒருமுறை வருவார். சைக்கிள் கொட்டகைப் படியில் உட்கார்ந்து அதன்மேலேயே எழுதுவார். கடைசி எழுத்தின் வாலை மட்டும் நான் காட்டியதைவிட நீளமாக இழுத்து, தூண்டில் முள் மாதிரி மேலே வளைத்துவிடுவார். "அப்படி வேண்டாம் அக்கா" என்றால், "வளைச்சாத்தான் மாட்டும்" என்பார்.

ஹெட் கிளார்க் எதிரில் நின்று அவர் கையெழுத்துப் போட்டு, சங்கம் பதிவான நாளில், எனக்கு நான் எட்டாவது பாஸ் செய்த மாதிரி இருந்தது.

அதற்குச் சில மாதங்கள் கழித்துக் குப்பத்துக்குக் குடிதண்ணீர்ப் பம்பு கேட்டு ஒரு மனு கொடுக்க வந்தார். மனு எழுதுகிறவர் அன்றைக்கு இல்லை. தூரத்துக்காரர்கள் இப்படி நேர்ந்தால் வெறும் தாளின் அடியில் கையெழுத்தும் ரேகையும் வைத்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். மேலே வர வேண்டிய விஷயத்தை நான் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதி வாங்கி உள்ளே கொடுப்பேன். அவரும் அப்படித்தான் செய்தார். முதலில் அவருடைய கையெழுத்து, தூண்டில் முள்ளோடு. அதன் கீழே கூட வந்த நான்கு பெண்களின் ரேகை. ஆக ஐந்து பேர்.

அந்த வாரம்தான் பால்வாடிக் கட்டடத்துக்கு மானியம் வந்தது. ஒன்றியத்துக்கே ஒன்று. பதிவான எந்த மாதர் சங்கமும் பதினைந்து நாளுக்குள் கேட்கலாம். எல்லாக் கிராமத்திலும் தண்டோரா போட்டு அறிவிக்க வேண்டும், ஒவ்வொரு கிராமத்திலும் 'கேட்டோம்' என்று ஐந்து பேர் கையெழுத்து வாங்கி ஃபைலில் சேர்க்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

எங்கள் ஆபீஸில் தண்டோரா எப்படிப் போடுவோம் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு கட்டுத் தாளும் மைப்பெட்டியும் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்து டீக்கடைக்குப் போவேன். பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் கட்டைவிரலை வாங்கிக்கொள்வேன். எதற்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. மத்தியானத்துக்குள் ஒன்றியம் முழுவதும் தண்டோரா போட்டு முடித்துவிடுவேன். காகிதக் கணக்குப்படி நான் அந்தக் குப்பத்துக்குப் பலமுறை போயிருக்கிறேன். உண்மையில் ஏரியில் ஒருமுறைகூடத் தோணி ஏறியதில்லை.

ஹெட் கிளார்க் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டவுனில் ரைஸ்மில்காரர் வீட்டு அம்மா நடத்தும் சங்கத்துக்கு அது போக வேண்டும் என்று சேர்மன் சொல்லிவிட்டாராம். "நீ தற்காலிகமா எத்தனை வருஷம்பா கீற? ஏழா? உன்னை நிரந்தரம் பண்ற பேப்பர் என் மேஜையிலதான் கீது. இந்த வேலை ஒழுங்கா முடிஞ்சா அதையும் இதோட சேர்த்து மேல அனுப்பிடலாம்." பயமுறுத்தவில்லை. நல்ல சேதி சொல்கிறவர் மாதிரியே சொன்னார். எனக்கு வீட்டில் இரண்டாவது பிரசவத்துக்கு நாள் நெருங்கியிருந்தது.

பிறகு அவராகவே யோசித்துக்கொண்டு, "அந்த ஏரிக்கரைக் குப்பம்தான் பேஜாரு. சங்கத்தம்மா வந்து கத்தும். அங்க மட்டும் டீக்கடை ரேகை சரிப்படாது" என்றார்.

"என்கிட்ட ஒரு தாள் இருக்கு சார்" என்றேன்.

அவர் என்னிடம் தாள் எதுவும் கேட்கவில்லை. அப்படி ஒரு தாள் என்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது. நானாகச் சொன்னேன். பேசவே வராத நான், யாரும் கேட்காமல் என் வாயால் அந்த ஆபீஸில் சொன்ன முதல் யோசனை அதுதான். பம்பு மனுவாக வேண்டிய தாளின் மேல் பகுதியில், 'எங்கள் குப்பத்தில் தண்டோரா போடப்பட்டது, நாங்கள் கேட்டோம்' என்று ஹெட் கிளார்க் சொல்லச் சொல்ல என் கையால் எழுதினேன்.

பதினைந்து நாளுக்குள் அந்த அம்மா ஒருமுறை வந்தார். பலகைக்கு முன்னால் போய் நின்றார். பால்வாடி அறிவிப்பின் மேல் ஒரு டெண்டர் விளம்பரத்தை ஒட்டியிருந்தேன். டெண்டரை வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரை கேட்டுக்கொண்டார்.

"பம்பு மனு இன்னா ஆச்சி நைனா?"

"மேல போயிருக்கு அக்கா."

"உன் வேலை பக்கா ஆவற சேதி?"

"அதுவும் மேல போயிருக்கு."

"ரெண்டும் ஒண்ணாப் போயிருந்தா ஒண்ணா வந்துடும்" என்று சிரித்தார். அப்போதும் நான் அறிவிப்பை எடுத்துக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம். ஒரு காகிதத்தைத் தூக்கி அடியில் இருப்பதைக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

கட்டடத்துக்கு டவுனில் கால்கோள் நடந்ததைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குத் தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமை எட்டுப் பெண்களோடு வந்தார். அன்றைக்கும் வரிசையில்தான் உட்கார்ந்தார். "உள்ள போங்க அக்கா, விடுறேன்" என்றேன். "எனக்கு முன்ன ஏழு பேரு கீறாங்க" என்றார். முறை வந்ததும் பி.டி.ஓ. எதிரில் போய் நின்றார்.

"ஐயா, டவுனுல பெரிய ஊட்டுப் புள்ளைங்களுக்கு ஆயா கீது, தொட்டில் கீது. எங்களுக்கு ஏன் சொல்லல? எங்களுக்குக் குடுக்கலன்னு கேக்க வரல. ஏன் கூப்புடலன்னு கேக்க வந்தோம்."

பி.டி.ஓ. கெட்டவர் இல்லை. ஃபைலில் இருப்பதை நம்புகிறவர். ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய் வைத்தவன் நான். பக்கத்தைப் புரட்டி, அவர் பக்கம் திருப்பி வைத்தார். "பாரும்மா. உங்க குப்பத்துல தண்டோரா போட்டிருக்கு. கேட்டோம்னு அஞ்சு பேர் ஒப்புக்கிட்டிருக்கீங்க. இது உன் கையெழுத்துதானே?"

அந்த அம்மா குனிந்து பார்த்தார். மேலே எழுதியிருந்ததை அவரால் படிக்க முடியாது. ஆனால் அடியில் இருந்ததைத் தெரிந்துகொண்டார். விரலால் அந்தக் கொக்கியை மெதுவாகத் தடவினார். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது பம்புக்குக் குடுத்த..." என்று ஆரம்பித்தாள். அந்த அம்மா திரும்பாமலே பின்னால் கையை நீட்டி, அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அவள் நிறுத்திவிட்டாள்.

"கையெழுத்து என்னுதுதான் ஐயா."

"கேட்டுட்டுத்தானே போட்டிருப்பே?"

"கேட்டிருப்பேன். ஏரிக் காத்து. சரியா காதுல உழல போலக்கீது."

ஹெட் கிளார்க் சிரித்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், ஒருவேளை போலீஸுக்கும். வெளியே வரும்போது என் பக்கத்தில் நின்றார். "உன் வேலை பக்கா ஆயிடுச்சா நைனா?" என்றார். குத்திக் கேட்கவில்லை. எப்போதும் கேட்பது மாதிரியே கேட்டார். "இன்னும் இல்லை" என்று சுவரிடம் சொன்னேன். "ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் ஆனது. பால்வாடிக் கட்டடமும் எழும்பியது. அதில் குழந்தைகளைவிட நாற்காலிகள்தான் அதிகம் இருந்தன. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் நாற்காலிகள்.

அதற்குப் பிறகு அவர் ஆபீஸுக்கு வருவது நின்றுபோனது. பலகையில் எதையாவது ஒட்டும்போது, கேட்க ஆள் இல்லாமலே கடைசி வரி வரை மனதுக்குள் வாசிப்பேன். அது ஒரு பழக்கமாகிவிட்டது.

நான்கு வருஷம் கழித்து வேறு பி.டி.ஓ. வந்தார். சின்ன வயது, பிடிவாதக்காரர். மறுபடி ஒரு பால்வாடி மானியம் வந்தபோது, தண்டோரா நிஜமாகவே போட வேண்டும் என்றார். தண்டோராக்காரரோடு என்னையும் ஊர் ஊராக அனுப்பினார். அந்த வருஷ மானியம் பக்கத்துக் குப்பத்துக்குப் போனது. அக்காவின் குப்பத்துக்கு அதற்கு அடுத்த வருஷம் கிடைத்தது. கயிறுகளை அடுப்பில் போட்டாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த அம்மா இறந்துவிட்ட சேதி, நான் மாற்றலாகி மணவாள நகரில் குடியிருக்கும்போது, மீன்காரப் பெண் ஒருத்தி சொல்லித் தெரிந்தது. ஆகவே நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்தத் தண்டோரா நாளில்தான்.

நாங்கள் முதலில் போனது அந்தக் குப்பத்துக்குத்தான். தோணியில் போகும்போது ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன். 'அக்கா, அந்தத் தாளை நான்தான்.' அவ்வளவுதான் வாக்கியம். அவருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் என் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

கரையில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அந்தப் பந்தல். காதால் கேட்டு மனதில் வைத்திருந்ததைவிடத் தண்ணீர் இன்னும் கிட்டத்தில் இருந்தது. குழந்தைகள் இடுப்பில் கயிற்றோடு மணலில் உட்கார்ந்திருந்தன. தண்டோரா சத்தம் கேட்டதும் ஒரு பெண் குழந்தை எழுந்து எங்களைப் பார்த்து ஓடிவந்தது. கயிறு நீளம் முடிந்த இடத்தில் விறைத்து, பொத்தென்று உட்கார்ந்தது. அழவில்லை. பழகியிருந்தது.

அந்த அம்மா வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்து, "இன்னா நைனா, வழி தெரிஞ்சிதா?" என்றார். குப்பத்துக்குள் குரல் கொடுத்து எல்லாரையும் கூப்பிட்டார். படுத்திருந்த நோயாளிப் பெண் ஒருத்தியையும் கைத்தாங்கலாகக் கொண்டுவரச் சொன்னார். நான் அறிவிப்பை வாசித்தேன். அத்தனை பேர் எதிரில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"சத்தமாப் படி. பின்னாடி கீறவங்களுக்குக் கேக்கல."

சத்தமாகப் படித்தேன். முடிந்ததும் தண்டோராக்காரரைப் பந்தல் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "இங்க ஒருவாட்டி அடி. இதுங்களுக்குன்னு வந்ததுதானே. அதுங்களும் கேக்கட்டும்." தண்டோராக்காரர் சிரித்துக்கொண்டே அடித்தார். குழந்தைகள் கயிற்றோடு குதித்தன. "அடுத்த குப்பத்துக்கும் போவியா, இங்கயே திரும்பிடுவியா?" என்று என்னைக் கேட்டார். "போறேன் அக்கா." "போ. அங்க தென்னமரத்துக்குக் கீழ நின்னு அடிக்கச் சொல்லு. அங்கிருந்துதான் எல்லா ஊட்டுக்கும் கேக்கும்."

ஐந்து பேர் வேண்டும் என்று தாளை எடுத்தேன். இந்த முறை மேலே எல்லாம் எழுதியிருந்தது. அதையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நான்கு பெண்கள் ரேகை வைத்தார்கள். ஐந்தாவதாக அவர் வந்து உட்கார்ந்தார். நான் பேனாவை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் இடது கைப் பெருவிரலை நீட்டினார்.

"உங்களுக்குத்தான் கையெழுத்து வருமே அக்கா."

"மறந்துபோச்சி நைனா."

மைப்பெட்டியைத் திறந்து பிடித்தேன். விரலை மையில் ஒற்றி, தாளில் அழுத்தி எடுத்தார். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். தோணியில் தயார் செய்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. தண்டோராக்காரர் பக்கத்திலேயே இருந்தார், பெண்கள் இருந்தார்கள். அவை எல்லாம் சாக்குத்தான். யாருமே இல்லாவிட்டாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

ரேகைக்குப் பக்கத்தில் அது யாருடையது என்று எழுதத் தெரிந்தவர் எழுத வேண்டும். அங்கே எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தொடையில் அட்டையை வைத்துக்கொண்டு அவர் பெயரை எழுதினேன். அவர் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தைக் குட்டையாக முடித்துப் பேனாவை எடுத்துவிட்டேன்.

"வால உட்டுட்டியே நைனா" என்றார்.

மறுபடி பேனாவை வைத்து, நீளமாக இழுத்து, மேலே வளைத்து முடித்தேன். அவர் பெயரை நான் எழுதியது அதுதான் கடைசி.